யந்திரத்தைத் துயிலெழுப்பும் முறை

(சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டிப் பதுளையில் நடைபெற்ற வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இந்த மேடையில் வழக்கமாகச் சமயமும் இலக்கியமும் பற்றிப் பேசுவார்கள். இம்முறை செயலாளர் அவர்கள் என்னைக் கண்டு, "எங்கள் பிள்ளைகள் பலர் யந்திர வேலைக்குப் போகிறார்கள். அதைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். தொழிலின் பெருமை என்று பொதுவாகப் பேசினால் கேட்க இனிமையாக இருக்கும். வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்றும் மிஞ்சாது. ஆகையால் ஒரே ஒரு சிறு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். கணினி கொண்டு இயக்கும் கடைசல் யந்திரத்திலும் மில்லிங் யந்திரத்திலும் ஸ்பிண்டில் என்று ஓர் உறுப்பு உண்டு. அது புதிதாய் வந்தபோது அதைப் பழக்குவது எப்படி, நாள்தோறும் காலையில் அதைச் சூடேற்றுவது எப்படி என்பதே என் பேச்சு.

இவ்வளவு சிறிய விஷயத்துக்கு ஒரு கூட்டமா என்று பெரியோர்கள் எண்ணக்கூடும். இந்தச் சிறிய விஷயத்தில் ஒரு வாலிபனுடைய உத்தியோகமும் நல்ல பெயரும் தங்கியிருப்பதைப் பேச்சின் முடிவுக்குள் காட்டுவேன். அதுவரை பொறுமையோடு கேட்கும்படி வேண்டுகிறேன்.

தெரிந்ததிலிருந்து தொடங்குவோம்

ஊவா மலைநாட்டில் பிறந்த நமக்கு யந்திரம் புதியதன்று. ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதென்னையில் லிப்டன் துரை தேயிலைத் தொழிற்சாலை கட்டியது 1890ஆம் ஆண்டில். நம் பாட்டன்மார் காலத்துத் தொழிற்சாலைகளில் நீராலோ எண்ணெய் எஞ்சினாலோ ஒரு பெரிய ரோதை சுழலும். அதிலிருந்து கூரையை ஒட்டி ஒரு நீண்ட தண்டு ஓடும். தண்டிலிருந்து தோற்பட்டிகள் இறங்கி ஒவ்வொரு யந்திரத்தையும் ஓட்டும். அந்த ரோதைக்கு ரோதைமுனி என்று ஒரு காவல் தெய்வத்தையே வைத்துக் கும்பிட்டவர்கள் நம் முன்னோர். சுழலும் பொருளிடம் பயமும் பக்தியும் வேண்டும் என்பதை அவர்கள் புத்தகம் படித்து அறிந்துகொள்ளவில்லை.

தேயிலை காயவைக்கும் ட்ரையரை நினைத்துப் பாருங்கள். அடுப்பை மூட்டியவுடன் எந்த டீமேக்கராவது கொழுந்தைக் கொட்டுவாரா? உள்ளே போகும் காற்று ஏறக்குறைய 90 பாகை செல்சியஸ் வெப்பத்தை அடையும்வரை காத்திருப்பார். வெப்பம் போதாமல் இலையைப் போட்டால் அது காய்வதற்குப் பதிலாக வேகும். அன்றைய தேயிலையின் மணமும் நிறமும் கெடும். ட்ரையர் சும்மா ஓடிக்கொண்டிருந்த அந்த நேரத்தை யாரும் வீணான நேரம் என்று சொல்வதில்லை.

பதுளைக்குப் புகைவண்டி வந்தது 1924ஆம் ஆண்டில். நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் காலை வண்டிக்கு இரவிலேயே நெருப்பு மூட்டுவார்கள் என்பதைப் பெரியோர்கள் அறிவார்கள். குளிர்ந்த கொதிகலனை அவசரப்பட்டுச் சூடாக்கினால் தகடுகள் ஒன்றுபோல் விரியாமல் மூட்டுக்கள் கசியும். ஆகையால் மெல்ல மெல்லச் சூடேற்றினார்கள்.

கொழுந்துக்கும் கொதிகலனுக்கும் பொருந்திய அதே நியாயம்தான் கணினி யந்திரத்துக்கும் பொருந்துகிறது. ஆனால் அங்கே நெருப்புக் கண்ணுக்குத் தெரிவதில்லை. பொத்தானை அழுத்தினால் ஒரு சில செக்கனில் முழுவேகம் வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாதபடியால் அந்த நியாயத்தை மறந்துவிடுகிறோம்.

ஸ்பிண்டில் என்பது யாது?

எண்களால் ஆளப்படும் மில்லிங் யந்திரத்தை 1952ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தார் முதன்முதலாகக் காட்டினார்கள். ஜோன் பார்சன்ஸ் என்பவரின் யோசனையிலிருந்து அது பிறந்தது. அக்காலத்தில் துளையிட்ட நாடாவின் மூலம் கட்டளை கொடுத்தார்கள். பிற்காலத்தில் நாடாவின் இடத்துக்குக் கணினி வந்தது. அதையே சி.என்.சி. யந்திரம் என்கிறோம். இன்று கொழும்புப் பக்கத்து வேலைத்தலங்களில் பிளாஸ்திக்கு, றப்பர்ப் பொருள்களுக்கான அச்சுகளும், பழைய யந்திரங்களுக்கு வேண்டிய உதிரிப்பாகங்களும் இவ்வகை யந்திரங்களில் செய்யப்படுகின்றன. கோயம்புத்தூரில் 1962இல் நூற்பு யந்திரங்கள் செய்யத் தொடங்கிய லட்சுமி மெஷின் வேர்க்ஸ் பின்னாளில் சி.என்.சி. யந்திரங்களையும் செய்யலாயிற்று.

இந்த யந்திரத்தின் இருதயம் ஸ்பிண்டில் என்னும் சுழல்தண்டு. மில்லிங் யந்திரத்தில் வெட்டும் கருவியை அது பிடித்துச் சுழற்றும். கடைசல் யந்திரத்தில் வெட்டப்படும் பொருளைப் பிடித்துச் சுழற்றும். சாதாரண மில்லிங் யந்திரத்தில் அது நிமிடத்துக்கு 8,000, 10,000, 12,000 சுற்று என்று ஓடும். அவ்வளவு வேகத்திலும் அதன் முனை அசையக்கூடாது.

அதைத் தாங்கி நிற்பவை போல் பெயாரிங்குகள். உள்ளே ஒரு வளையம், வெளியே ஒரு வளையம், நடுவில் குண்டுகள். ஸ்பிண்டிலுக்குரிய பெயாரிங்குகளைச் சோடி சோடியாகச் சேர்த்து, சிறிதும் ஆட்டமில்லாதபடி ஓரளவு இறுக்கி அமைப்பார்கள். இதனை முன்னிறுக்கம் எனலாம். இறுக்கம் குறைந்தால் தண்டு அதிரும். கூடினால் வெப்பம் ஏறும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒடுங்கிய பாதையில்தான் ஸ்பிண்டிலின் ஆயுள் முழுவதும் நடக்கிறது.

பெயாரிங்குக்கு உயிர்கொடுப்பது கிறீஸ். பல ஸ்பிண்டில்களில் கிறீஸைத் தொழிற்சாலையிலேயே வைத்து மூடிவிடுவார்கள். வேறு சிலவற்றில் காற்றோடு எண்ணெயைத் துளி துளியாக அனுப்புவார்கள். கிறீஸ் என்பது சோப்புப் போன்ற ஒரு பொருளில் எண்ணெயை ஊறவைத்ததுதான். குண்டுகளைக் காப்பது அதிலிருந்து கசிந்து வரும் மெல்லிய எண்ணெய்ப் படலம். ஆகவே கிறீஸ் அதிகமாய் இருந்தால் நல்லது என்பது தவறு. வேகமாக ஓடும் பெயாரிங்கில் வெற்றிடத்தின் ஒரு சிறு பங்கையே கிறீஸால் நிரப்புவார்கள். அளவுக்கு மிஞ்சினால் குண்டுகள் சேற்றில் நடப்பதுபோல் அதனைக் கலக்கி வெப்பத்தை உண்டாக்கும்.

புதிய ஸ்பிண்டிலைப் பழக்குதல்

புதிய பெயாரிங்கில் கிறீஸ் திரள் திரளாகக் குண்டுகளுக்கு இடையில் கிடக்கிறது. அது ஓரங்களுக்கு ஒதுங்கி அங்கே ஒரு சேமிப்பாக நிற்கவேண்டும். எண்ணெய்ப் படலம் மட்டும் குண்டுகள் ஓடும் பாதையில் பரவவேண்டும். இந்த ஒழுங்கு ஏற்படும்வரை தண்டை மெல்லச் சுழற்றுவதையே பழக்குதல் என்கிறோம்.

யந்திரம் செய்தவர்கள் தங்கள் தொழிற்சாலையில் இதனைச் செய்திருப்பார்களே என்று நீங்கள் கேட்கலாம். செய்திருப்பார்கள். ஆனால் ஜப்பானிலோ தைவானிலோ கப்பலேறிய யந்திரம் வாரக்கணக்கில் கடலில் வந்து, துறைமுகத்தில் காத்திருந்து, லொறியில் ஏறி நம் இடத்துக்கு வருகிறது. வழிநெடுகக் குலுக்கல். ஓடாத நிலையில் குண்டுகள் ஒரே இடத்தில் அதிர்ந்தால் வளையத்தில் நுண்ணிய தடங்கள் விழக்கூடும். கிறீஸும் ஓரிடத்தில் தங்கிவிடும். ஆகையால் புதிய யந்திரம் நிறுவப்பட்டபோதும், பழுதுபார்த்த ஸ்பிண்டிலை மாட்டியபோதும், நெடுநாள் நிறுத்திவைத்த யந்திரத்தை மீண்டும் ஓட்டும்போதும் பழக்குதல் அவசியம்.

முறை இதுதான். உச்ச வேகம் 10,000 சுற்று என்று வைத்துக்கொள்வோம். முதலில் 500 அல்லது 1,000 சுற்றில் வெறுமனே ஓடவிடுங்கள். ஸ்பிண்டிலின் மூக்குப் பகுதியில் வெப்பத்தைப் பாருங்கள். வெப்பம் முதலில் ஏறும். ஓர் உச்சத்தைத் தொடும். பின்னர் சற்று இறங்கி ஓரிடத்தில் நிற்கும். அந்த இறக்கத்தைக் கண்டால் கிறீஸ் தன் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டது என்று அறியலாம். அதன் பின்னரே அடுத்த 1,000 சுற்றுக்குப் போகவேண்டும். அங்கேயும் வெப்பம் நிலைகொள்ளும்வரை நிற்கவேண்டும். இப்படியே படிப்படியாக உச்சம்வரை ஏறவேண்டும்.

இடையில் வெப்பம் நிலைகொள்ளாமல் விரைந்து ஏறிக்கொண்டே போனால் உடனே நிறுத்துங்கள். எத்தனை பாகை வரை விடலாம் என்பது யந்திரத்தின் கைந்நூலில் இருக்கும். நிறுத்திய தண்டை ஆறவிட்டு, முந்திய படியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். இந்த வேலைக்குச் சில மணித்தியாலம் பிடிக்கும். சில யந்திரங்களுக்கு ஒரு முழுநாளும் பிடிக்கும். வாங்கிய யந்திரம் முதல்நாளே சம்பாதிக்கவேண்டும் என்று முதலாளி ஆசைப்படுவது இயல்பு. அந்த ஒருநாள் ஆசை சில வேளைகளில் யந்திரத்தின் பல ஆண்டு ஆயுளைக் குடித்துவிடுகிறது.

நாள்தோறும் சூடேற்றுதல்

பழக்குதல் எப்போதாவது ஒருமுறை செய்வது. சூடேற்றுதல் நாள்தோறும் செய்வது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது.

இரவு முழுவதும் நின்ற ஸ்பிண்டிலில் எண்ணெய்ப் படலம் வடிந்து மெலிந்திருக்கும். குளிரில் கிறீஸ் கெட்டியாகும். ஹப்புத்தளை, பண்டாரவளைப் பக்கத்தில் மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் தேங்காயெண்ணெய்ப் போத்தலின் கதி என்னவென்று வீட்டுத் தாய்மாரைக் கேளுங்கள். கிறீஸின் கதியும் ஏறக்குறைய அதுதான். அந்த நிலையில் முழுவேகம் கொடுத்தால் குண்டுகள் உருளுவதற்குப் பதிலாகச் சறுக்கும். சறுக்கிய இடத்தில் உலோகம் உலோகத்தைத் தேய்க்கும்.

இன்னொரு கேடும் உண்டு. திடீரென்று வேகம் கொடுத்தால் தண்டும் உள்வளையமும் முதலில் சூடேறி விரியும். வெளியே உள்ள பெரிய இரும்பு வீடு இன்னும் குளிர்ந்தே நிற்கும். உள்ளே விரிவு, வெளியே விரிவில்லை. நடுவில் அகப்பட்ட குண்டுகள் நெருக்கப்படும். முன்னிறுக்கம் கூடும். கூடிய இறுக்கம் மேலும் வெப்பத்தை உண்டாக்கும். அந்த வெப்பம் மேலும் இறுக்கத்தை உண்டாக்கும். கடனுக்கு வட்டி, வட்டிக்கு வட்டி என்று ஏறுவதுபோலத்தான். மெல்லச் சூடேற்றினால் உள்ளும் புறமும் ஏறக்குறைய ஒன்றாக விரியும்; நெருக்கம் உண்டாகாது.

மூன்றாவது, அளவு பற்றியது. ஒரு மீற்றர் நீளமுள்ள உருக்கு ஒரு பாகை செல்சியஸ் சூடேறினால் சுமார் 12 மைக்ரோன் நீளும். மைக்ரோன் என்பது மில்லிமீற்றரில் ஆயிரத்திலொரு பங்கு. 300 மில்லிமீற்றர் ஸ்பிண்டில் 10 பாகை சூடேறினால் ஏறக்குறைய 35 மைக்ரோன் நீளும். அது தலைமயிரின் பாதித் தடிப்பு. இது ஒரு பெரிய காரியமா என்று எண்ணாதீர்கள். பள்ளத்தின் ஆழம் 20 மைக்ரோனுக்குள் நிற்கவேண்டும் என்று வரைபடம் சொன்னால், குளிர்ந்த யந்திரத்தில் அளவு வைத்து வெட்டத் தொடங்கியவன் முற்பகலில் வெட்டிய துண்டுகள் யாவும் ஆழம் மிஞ்சி நிற்கும். அவன் எண்ணைத் தவறாக எழுதவில்லை. கருவியும் தேயவில்லை. யந்திரம் விழித்துக்கொண்டபோது தண்டு கீழே நீண்டுவிட்டது, அவ்வளவுதான்.

சூடேற்றும் முறை எளிது. மேலே சொன்ன 10,000 சுற்று யந்திரத்துக்கு 1,000 சுற்றில் 5 நிமிடம், 2,500இல் 5 நிமிடம், 5,000இல் 5 நிமிடம், 7,500இல் 5 நிமிடம். ஆக 20 நிமிடம். இது ஓர் உதாரணம் மாத்திரமே. உங்கள் யந்திரத்தின் கைந்நூல் வேறு விதமாகச் சொன்னால் கைந்நூலே சட்டம். ஸ்பிண்டில் ஓடும்போதே மேசையையும் மற்ற அச்சுகளையும் அங்குமிங்கும் நகர்த்துங்கள். அவற்றை இழுக்கும் திருகுத்தண்டுகளுக்கும் எண்ணெய் பரவவேண்டும், சூடும் ஏறவேண்டும்.

இதனை ஒரு சிறு நிரலாக எழுதி யந்திரத்தில் வைத்துக்கொள்ளலாம். எஸ் 1000 எம் 03 என்று எழுதினால் தண்டு சுழலும். ஜி 04 என்பது காத்திரு என்னும் கட்டளை. இங்கே ஓர் எச்சரிக்கை. பல யந்திரங்களில் எக்ஸ் 300 என்று எழுதி, பின்னால் தசமப்புள்ளி வைத்தால் 300 செக்கன், அதாவது 5 நிமிடம். புள்ளியை விட்டுவிட்டால் 300 மில்லிசெக்கன். ஒரு செக்கனில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. சூடேற்றும் நிரல் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்து, தண்டு குளிர்ந்தபடியே முழுவேகத்துக்குத் தாவிவிடும். ஆகவே புது நிரலை முதல்முறை ஓட்டும்போது கையில் கடிகாரத்தோடு பக்கத்தில் நில்லுங்கள்.

ஸ்பிண்டிலின் வாய் வெறுமையாய் இருக்க ஓட்டாதீர்கள். வெட்டும் கருவி இல்லாத, சமநிலை பார்த்த ஒரு பிடிப்பானை மாட்டி ஓட்டுங்கள். கடைசல் யந்திரமானால் சக்கின் தாடைகள் திறந்து கிடக்க ஓட்டக்கூடாது. வேகம் ஏறும்போது தாடைகள் வெளிப்புறம் தள்ளப்பட்டுப் பிடிமானம் குறையும் என்பதையும் மறக்கவேண்டாம். சக்கில் எழுதியிருக்கும் உச்ச வேகத்தை எந்தக் காரணத்துக்காகவும் மீறாதீர்கள். கதவை மூடிய பின்னரே பொத்தானைத் தொடவேண்டும்.

நம் மலைநாட்டுக்குரிய சில குறிப்புகள்

வெளிநாட்டுக் கைந்நூல் எழுதியவர் நம் மழையையும் மூடுபனியையும் கண்டதில்லை. ஆகையால் சிலவற்றை நாமே சேர்த்துக்கொள்ளவேண்டும்.

முதலாவது, ஈரம். ஸ்பிண்டிலுக்குள் குளிர்விக்கும் திரவமும் தூசியும் புகாமல் தடுக்கக் காற்றை ஊதிக்கொண்டேயிருப்பார்கள். அந்தக் காற்று கொம்பிரசரிலிருந்து வருகிறது. நம் நாட்டு ஈரக்காற்றை அமுக்கினால் தாங்கியில் தண்ணீர் சேரும். காலையில் அதனைத் திறந்து வடிக்காவிட்டால், காவலுக்கு அனுப்பிய காற்றே தண்ணீரைச் சுமந்துகொண்டு பெயாரிங்குக்குள் போகும். ஆகவே முதலில் தண்ணீரை வடியுங்கள், பிறகு காற்றழுத்தத்தைப் பாருங்கள், அதன் பிறகே ஸ்பிண்டிலைத் தொடுங்கள்.

இரண்டாவது, மின்வெட்டு. 2022ஆம் ஆண்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை யாரும் மறந்திருக்கமாட்டோம். மின்சாரம் நின்று நெடுநேரம் கழித்து வந்தால் ஸ்பிண்டில் ஆறிப்போயிருக்கும். இழந்த நேரத்தைப் பிடிக்கவேண்டும் என்று கை பரபரக்கும். அப்போதுதான் குறுகிய அளவிலாவது மீண்டும் சூடேற்றவேண்டும்.

மூன்றாவது, விடுமுறை. சித்திரைப் புத்தாண்டுக்குப் பல வேலைத்தலங்கள் ஒரு வாரமளவில் மூடப்படுகின்றன. தீபாவளி, தைப்பொங்கலுக்கு நம்மவர் ஊருக்கு வந்துவிடுகிறோம். பல நாள் நின்ற ஸ்பிண்டிலுக்கு வழக்கமான சூடேற்றுதல் போதாது, நீண்ட முறையைக் கையாளவேண்டும் என்று விதிக்கும் உற்பத்தியாளர்களும் உளர். ஊரிலிருந்து திரும்பிய முதல்நாள்தான் அதிக நிதானம் வேண்டிய நாள்.

நான்காவது, இந்தச் சங்கத்தில் சொல்லத்தக்க ஒன்று. ஆயுத பூசையன்று யந்திரத்துக்குப் பொட்டு வைக்கிறோம். நல்ல வழக்கம். ஆனால் திருநீறும் சந்தனமும் குங்குமமும் நுண்ணிய பொடிகள் என்பதை நினைவில் வையுங்கள். பொட்டை யந்திரத்தின் வெளி உடம்பில் வையுங்கள். கருவி பொருந்தும் ஸ்பிண்டிலின் வாயில் வைக்கவேண்டாம். பூமாலையைச் சுழலும் இடத்தில் மாட்டவேண்டாம். மறுநாள் காலையில் மாலையை எடுத்து, துடைத்து, மெல்லச் சூடேற்றித் தொடங்குவதும் பூசையின் ஒரு பகுதியே என்று கருதுங்கள்.

ஒரு வாலிபனின் கதை

இப்போது நான் முதலில் சொன்ன வாக்குக்கு வருகிறேன்.

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து கொழும்புக்கு வெளியே ஒரு வேலைத்தலத்துக்குச் சென்ற ஒரு வாலிபனை நான் நன்கு அறிவேன். வேலைத்தலத்தின் பெயர் இங்கே வேண்டாம். தாயார் கொழுந்தெடுப்பவர். பையன் பயிற்சி பெற்று, இரண்டு ஆண்டு உதவியாளனாய் நின்று, மில்லிங் யந்திரத்தைத் தனியாக ஓட்டும் நிலைக்கு உயர்ந்திருந்தான். ஒரு சித்திரை விடுமுறை முடிந்து திரும்பிய முதல்நாள் அவசர ஓடர் ஒன்று காத்திருந்தது. "சூடேற்ற நேரமில்லை, போடு" என்று மேற்பார்வையாளர் சொன்னார். பையன் போட்டான். 8,000 சுற்று. அன்று ஒன்றும் நடக்கவில்லை. மறுநாளும் நடக்கவில்லை. சில வாரங்களில் ஸ்பிண்டிலில் மெல்லிய சீழ்க்கை போன்ற ஓசை கேட்டது. பின்னர் அது உறுமலாயிற்று. வெட்டிய முகத்தில் அலைகள் தெரிந்தன. கழற்றிப் பார்த்தபோது முன்பெயாரிங்கின் பாதை உரிந்துபோயிருந்தது.

புதிய ஸ்பிண்டில் ஒன்றின் விலை ஒரு தோட்டத் தொழிலாளியின் ஓராண்டுச் சம்பளத்துக்கும் மேல். அந்தச் செலவுக்கு ஒருவர் பெயர் தேவைப்பட்டது. யந்திரத்தின் முன் நின்றவன் பெயரே கிடைத்தது. "தோட்டத்துப் பையன்களிடம் பெரிய மெஷினைக் கொடுத்தால் இப்படித்தான்" என்று ஒருவர் சொன்னாராம். வேலை போயிற்று. அந்தச் சொல் மாத்திரம் அங்கேயே நின்றது. அடுத்து வேலை கேட்டுச் சென்ற நம் பிள்ளைகளின் காதிலும் அது விழுந்தது.

அந்த ஒரு காலைதான் ஸ்பிண்டில் கெட்டதற்குக் காரணமா? எவராலும் உறுதியாகச் சொல்லமுடியாது. குளிர்ந்த தொடக்கம் ஒன்றினால் ஸ்பிண்டில் உடனே சாவதில்லை; கேடு சிறுகச் சிறுகச் சேரும். அந்த யந்திரத்தை அதற்கு முன்னும் எத்தனையோ பேர் எத்தனையோ காலைகளில் அப்படியே ஓட்டியிருக்கலாம். புதிதாய் வந்தபோது பழக்கினார்களா என்பதும் தெரியாது. தெரியாமற்போனதுதான் இந்தக் கதையின் துக்கம். எழுதிய குறிப்பு ஒன்றுமே இல்லை. குறிப்பு இல்லாத இடத்தில் பழி எப்போதும் ஆகத் தாழ்ந்த படியில் நிற்பவன் தலையில்தான் இறங்கும்.

ஆகையால் வாலிப நண்பர்களே, ஒரு கொப்பி வாங்குங்கள். திகதி, தொடங்கிய நேரம், யந்திரம் எத்தனை நாள் நின்றது, எந்த எந்த வேகத்தில் எத்தனை நிமிடம் ஓடியது, வெப்பம் எவ்வளவு, ஓசையில் மாற்றம் உண்டா என்று நாள்தோறும் ஐந்து வரி எழுதுங்கள். சூடேற்றவேண்டாம் என்று மேலிருந்து கட்டளை வந்தால் மரியாதையோடு ஒருமுறை காரணத்தைச் சொல்லுங்கள். "ஐயா, 20 நிமிடம் பிடிக்கும், இல்லாவிட்டால் அளவும் தவறும், பெயாரிங்கும் தேயும்" என்று சொன்னால் நியாயமுள்ளவர் கேட்பார். அப்படியும் கேளாவிட்டால், கட்டளை வந்ததையும் நேரத்தையும் கொப்பியில் எழுதிவிட்டு வேலையைச் செய்யுங்கள். உங்கள் சொல்லுக்கு மதிப்பில்லாத இடத்திலும் எழுத்துக்கு மதிப்பு உண்டு.

அந்தக் கொப்பிக்கு இன்னொரு பயனும் உண்டு. வழக்கமாக 35 பாகையில் நிற்கும் ஸ்பிண்டில் ஒருநாள் அதே வேகத்தில் 42 பாகை காட்டினால், கேடு தொடங்கிவிட்டது என்பதைக் காதுக்கு ஓசை எட்டுமுன்னே கொப்பி சொல்லிவிடும். அப்போதே பழுதுபார்ப்பவரை அழைத்தால் செலவு குறையும். அவ்வாறு முன்கூட்டிச் சொல்லத் தெரிந்தவனை எந்த முதலாளியும் எளிதில் விடமாட்டார்.

பெரியோர்களுக்கும் வாலிபர்களுக்கும்

பெரியோர்களே, பிள்ளை சாதாரண தரமோ உயர்தரமோ முடித்தவுடன் கொழும்பில் ஏதாவது கடையில் சேர்த்துவிடத் துடிக்கிறோம். குடும்பத்தின் நெருக்கடி அப்படி. முதல்மாதமே பணம் வரும் வேலை நல்ல வேலையாகத் தோன்றுகிறது. ஆனால் பயிற்சிக் காலம் என்பது மனிதனைப் பழக்கும் காலம். பதுளையில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. மொறட்டுவையில் இலங்கை ஜேர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் என்று நாடு முழுவதும் செல்லும் ஒரு தராதரம் இருக்கிறது. எந்தப் பாடநெறி எங்கே நடக்கிறது, எந்த மொழியில் நடக்கிறது என்று விசாரித்து ஆண்டுதோறும் வாலிபர்களுக்கு அறிவிப்பதைச் சங்கம் தன் கடமைகளில் ஒன்றாக ஏற்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை பயிற்சி பெறும் அந்த ஓரிரு ஆண்டு வீட்டைத் தாங்குவது கடினம் என்பதை அறிவேன். தாங்க முடிந்தவர்கள் தாங்குங்கள். முடியாதவர்களுக்குச் சங்கம் கைகொடுக்கட்டும்.

வாலிபர்களே, பதறாத காரியம் சிதறாது என்பார்கள் நம்மவர். வள்ளுவர் காலமறிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். காத்திருப்பதும் ஒரு செயல்தான், அதற்கும் அறிவு வேண்டும். காலையில் எல்லாரும் தேநீர் குடிக்கும் அந்த 20 நிமிடத்தில், யந்திரத்தின் அருகே நின்று அதன் ஓசையைக் கேட்பவன் சும்மா நிற்பவன் அல்லன். தன் வேலையின் மிக முக்கியமான பகுதியை அவன் செய்துகொண்டிருக்கிறான்.

நாளைக் காலையில் யந்திரத்தின் முன் நிற்கப்போகிறவர்களுக்கு மீண்டும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரை வடியுங்கள், காற்றைப் பாருங்கள், பிடிப்பானை மாட்டுங்கள், கதவை மூடுங்கள், குறைந்த வேகத்தில் தொடங்குங்கள், வெப்பத்தைப் பாருங்கள், கொப்பியில் எழுதுங்கள். அதன் பிறகு வெட்டுங்கள்.